கூலிங் காயில் மாற்றியும் கார்பெட் காயவில்லை

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: காருக்குள் தண்ணீர். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை, கோலாலம்பூரில் நவம்பர் வரை இழுக்கும் சாயங்கால மழை என்று பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, என் காடி வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. இரண்டு மாதமாக முன்பக்க இடது சீட்டுக்குக் கீழே கார்பெட் நனைந்தே கிடக்கிறது. மகள் பள்ளிப் பையை அங்கேதான் வைப்பாள், புத்தகமெல்லாம் ஊறிப்போச்சு. ஏர்கோன் கடையில் கூலிங் காயில் போய்விட்டது என்று மாற்றினார்கள், 700 வெள்ளி. ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. இன்னொரு பட்டறையில் முன் கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பூசினார்கள், அதற்கும் நிற்கவில்லை. வேலையிடத்தில் மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். கதவைத் திறந்தாலே நாற்றம். விற்றுவிடலாமா? — குளுகோர் வாசகி, பினாங்கு

பதில்: விற்காதீர்கள் தங்கச்சி. அந்த 700 வெள்ளியை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. கூலிங் காயில் என்பது ஏர்கோன் காற்றைக் குளிர்விக்கும் பாகம். அதில் ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியேறி குளிர்ச்சிதான் குறையும், கால்மாட்டில் தண்ணீர் தேங்காது. காயில்மேல் காற்றில் உள்ள ஈரம் படிந்து சொட்டுவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அரை லிட்டருக்கு மேலேயே சேரும், அந்தத் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழ வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் வழவழப்பான பாசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து வழிந்து, நீங்கள் சொல்கிற அதே இடது பக்கக் கால்மாட்டில் இறங்கும்.

ஆனால் உங்கள் வண்டிக்கு அதுதான் காரணம் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட முடியாது. அதே இடத்தில் மழைத் தண்ணீரும் இறங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழித்ததுதான் இதுவரை நடந்த தவறு. முதலில் கார்பெட்டை நன்றாகக் காயவையுங்கள், கீழே பழைய நாளிதழைப் பரப்புங்கள். மழை நனைக்காத இடத்தில் வண்டியை வைத்து, மழையில்லாத நேரமாகப் பார்த்து மூன்று நாள் ஏர்கோன் போட்டு ஓட்டுங்கள். தாள் நனைந்தால் ஏர்கோன் தண்ணீர். நனையவில்லையா, அப்புறம் ஏர்கோனை அணைத்து வைத்து ஒரு நல்ல மழையில் நிறுத்துங்கள். இந்த முறை நனைந்தால் மழைத் தண்ணீர். தாளில் படிந்தது பிசுபிசுப்பாக, பச்சையோ இளஞ்சிவப்போ நிறத்தில், இனிப்பு வாடையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அது வேறு கதை. நம் நாட்டில் விற்கிற பல வண்டிகளில் ஹீட்டரே கிடையாது என்பதால் அந்த வாய்ப்பு குறைவு.

ஏர்கோன் தண்ணீர் என்று தெரிந்தால் வேலை சுலபம். கால்மணி நேரம் ஏர்கோனை ஓடவிட்டு, இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். தரையில் சொட்டவே இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், காயிலே கிழிந்துவிடும். குழாயின் வாயில் வேக்குவம் வைத்து உறிஞ்சினால் அந்தப் பாசிக் கட்டி பெரும்பாலும் வந்துவிடும்.

மரத்தடி என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு வேறொரு சந்தேகமும் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் தூங்குமூஞ்சி மரம் உள்ள சாலைகளில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது தெரியும், அதன் இலை சின்னது, வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடைக்குள் நேராக விழுந்துவிடும். அங்சானா மரத்தின் மஞ்சள் பூவும் அப்படித்தான். அந்தச் சல்லடைக்குக் கீழே ஒரு தொட்டி மாதிரி பள்ளம், இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வெளியேற வழி, நடுவிலோ பக்கத்திலோ ஏர்கோனுக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய் இருக்கும். ஓரம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மட்டம் ஏறி அந்தக் காற்று வாய் வழியாக உள்ளே கொட்டும்.

என் சொந்த வண்டியிலேயே இது நடந்தது. வைப்பர் இரண்டையும் கழற்றி, சல்லடையைத் தூக்கிப் பார்த்தபோது ஓரத்தில் டீ வடிகட்டிய சக்கை மாதிரி கறுப்பாக ஒரு கட்டி, கை விட்டு அள்ளினால் விரல் இடுக்கெல்லாம் ஈர மண் வாசனை, அதற்குள் ஒரு மண்புழு வேறு உயிரோடு நெளிந்தது. அதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அப்படியே நின்றது. அள்ளி முடித்து மறுபடி ஊற்றினேன், கடகடவென்று இறங்கி முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழுந்தது. அரை மணி நேர வேலை, செலவு ஒரு சென்கூட இல்லை. மழைத் தண்ணீர் என்று தெரிந்தால் நீங்களும் முதலில் அதைத்தான் பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் தண்ணீர்க் குழாய்ச் சோதனை. வீட்டில் ஒருவரை டார்ச் லைட்டோடு உள்ளே உட்காரவைத்து, நீங்கள் வெளியிலிருந்து சாதாரணக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கார் கழுவும் இடத்து வேகக் குழாய் வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை ஏற்றிவிடும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று, மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் வழியும், எது ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது. கால்மாட்டில் ஈரமாக இருப்பதால் ஓட்டையும் அங்கேதான் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்த தண்ணீர் தூணுக்குள்ளேயே இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, பின் சீட்டுக்குக் கீழே தேங்கியதையும் பார்த்திருக்கிறேன். அலாரமோ ஆம்ப்ளிஃபையரோ மாட்டியவர்கள் இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒயர் நுழைத்த ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள், கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

பூசிய சிலிகானை எடுத்துவிடுங்கள். புளிக்காடி மாதிரி வாடை வரும் வகையாக இருந்தால் அது காயும்போது வெளிவிடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். கண்ணாடியில் உண்மையிலேயே கசிவு என்றால் கண்ணாடிக் கடைக்காரர் அதைக் கழற்றி, யூரேத்தேன் பசை போட்டு ஒட்ட வேண்டும், மேலே பூசுவது நிற்காது.

நாற்றத்துக்கு வாசனை டப்பா வாங்காதீர்கள். கார்பெட் மேலே காய்ந்திருந்தாலும் அதற்கு அடியிலுள்ள தடித்த பஞ்சு மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, பஞ்சை வெளியே எடுத்துப் பிழிந்து வெயிலில் போட வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறப் பிளக் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு சில நிமிடம் பொறுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும், பழக்கமில்லை என்றால் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள். தகடு இரண்டு நாள் காற்றாடியில் காயட்டும். பிள்ளை தினம் அந்தப் பூஞ்சைக் காற்றைச் சுவாசிக்கிறாள், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம், கேபின் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சன்ரூஃப் உள்ள பழைய வண்டி வாங்கினேன். மழை விட்ட பிறகு பிரேக் பிடித்தால் தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. சன்ரூஃப் ரப்பரை மாற்றினால் சரியாகுமா? — செலாயாங் வாசகர்

பதில்: ரப்பரை விடுங்கள். சன்ரூஃப் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வருவது இயல்பு, அதற்காகவே சுற்றிலும் ஒரு தட்டு, பெரும்பாலும் நான்கு மூலையிலும் மெல்லிய குழாய். அடைத்துக்கொண்டதால் தட்டில் தேங்கிய தண்ணீர் நீங்கள் பிரேக் பிடிக்கும்போது முன்னால் அலையடித்து வருகிறது. கண்ணாடியைத் திறந்து, மூலைத் துளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு எது இறங்கவில்லை என்று பாருங்கள். இறங்காத குழாயில் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூலை மெதுவாக விட்டு எடுக்கலாம். பட்டறையில் கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடிக்க விடாதீர்கள், குழாய் தூணுக்குள்ளே கழன்றுகொண்டால் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டி வரும்.

கேள்வி: பின் கதவு இரண்டிலும் ஸ்பீக்கர் மாற்றினேன் அண்ணே, அதிலிருந்து அந்தப் பக்கம் கார்பெட் ஈரம். ரப்பர் புதுசாகத்தான் இருக்கிறது. — பத்துமலை வாசகர்

பதில்: ரப்பர்மேல் பழி இல்லை தம்பி. கதவுக் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், கீழேயுள்ள துளை வழியாக வெளியே போகும். அது உள்பக்கம் வராமல் தடுப்பது கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டியவர் அதைக் கிழித்திருப்பார், இல்லை திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார். பியூட்டைல் டேப் வாங்கி, கீழ் ஓரம் முழுக்க இடைவெளி விடாமல் ஒட்டச் சொல்லுங்கள். செலோடேப் இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. கதவைத் திறந்து மூடும்போது சளசளவென்று சத்தம் கேட்டால் கீழ்த்துளையும் அடைத்திருக்கிறது, ஒரு பல்குத்தும் குச்சி போதும்.

கேள்வி: பூட்டில் (பின்பக்கச் சாமான் பெட்டியில்) ஸ்பேர் டயர் தண்ணீரில் மிதக்கிறது! — செந்தூல் வாசகர்

பதில்: டயரை எடுத்துவிட்டு, உள்ளே ஓரமெல்லாம் பேபி பவுடர் தூவி, பூட்டை மூடித் தண்ணீர் விடுங்கள். பவுடரில் கோடு விழுந்த இடத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனால் வழி தெரியும். டெயில் லைட்டின் பின்புற ரப்பரில்தான் பலமுறை கண்டிருக்கிறேன், அடுத்தது பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் காற்று வெளியேறும் மூடி.

கேள்வி: ஷா ஆலமில் ஒரு வண்டி மலிவாக வருகிறது. வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வெள்ளம் வந்தபோது எத்தனையோ வண்டிகள் மூழ்கின, அதனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை. நீங்கள் வாங்கும் எந்த வண்டிக்கும் காப்புறுதி எடுக்கும்போது ஸ்பெஷல் பெரில்ஸ், அதாவது வெள்ளம் போன்ற இயற்கைச் சேதத்துக்கான பாதுகாப்பு, சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள், காம்ப்ரிஹென்சிவ் என்றாலே வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைத்து ஏமாந்தார்கள். வண்டியைப் பார்க்கும்போது சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்பேர் டயர் குழியின் மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவது குறைவு. அந்தக் கடைசி ஓர் அடியில் பழுப்பு நிறக் கோடு தெரிந்தாலோ, பழைய வண்டியில் பெல்ட் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலோ, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.