திருமண வரவேற்பை டிஜேயிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கும் படுகர் குடும்பம் எங்களுடையது. எங்கள் மகளுக்கு ஈரோட்டு மாப்பிள்ளை அமைந்திருக்கிறார். வரவேற்பைக் கோத்தகிரியில் ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறோம். மணமக்கள் இருவரும் டிஜே வேண்டும் என்கிறார்கள். என் மாமனாரோ, "சத்தம்தான் மிஞ்சும், நம் ஆட்டத்துக்கு அங்கே இடமிருக்காது" என்று வருத்தப்படுகிறார். இரு தரப்பும் மனம் கோணாமல் நடத்த வழி உண்டா?
— ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனாரின் வருத்தத்தை வயதானவர்களின் வழக்கமான முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் மலைப்பகுதி மண்டபங்களில் அவர் அஞ்சுகிறபடியே முடிந்த வரவேற்புகள் உண்டு. ஆயினும் டிஜேயை அமர்த்துங்கள் என்றே சொல்வேன். இரண்டு ஊர்களிலிருந்து வந்து, ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனி வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் உறவினர்களை ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்தத் தொழில் தெரிந்த டிஜேயால் முடியும். அதற்கு, உங்கள் வீட்டு மாலைப்பொழுதில் எதற்குப் பிறகு எது வரும், எதன் குறுக்கே அவர் வரக் கூடாது என்பதை முன்கூட்டியே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

டிஜேயின் வேலை கைவசமுள்ள பாடல்களை வரிசையாக ஓடவிடுவதோடு முடிவதில்லை. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து அடுத்த பாட்டைக் கேட்டு, இரண்டின் வேகத்தையும் பொருத்திக்கொண்டு, கண்ணைக் கூட்டத்தின் மீதே வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 80, 90 தட்டுகளில் நடக்கும் மெல்லிசையிலிருந்து 120, 130 தட்டுகளில் துள்ளும் குத்துப்பாட்டுக்கு ஒரே தாவாகத் தாவினால், ஆடத் தயங்கி நிற்பவர்கள் நாற்காலிக்கே திரும்பிவிடுவார்கள். நாலைந்து பாடல்களில் படிப்படியாக ஏற்றினால் தம்மை அறியாமலே தளத்துக்கு வந்துவிடுவார்கள். யார் ஆடுகிறார்கள் என்பதோடு, உட்கார்ந்த இடத்திலேயே யாருடைய கால் தாளம் போடுகிறது என்பதையும் பார்த்து, அடுத்த பாட்டை அவர்களுக்காகத் தேர்ந்தெடுப்பவரே நல்ல டிஜே. ஆகவே நூறு பாடல்களின் பட்டியலை எழுதி அவர் கையைக் கட்டிவிடாதீர்கள். கட்டாயம் வேண்டியவை பத்து, கட்டாயம் வேண்டாதவை சில, அது போதும்.

இனி உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். படுகர் நடனம் பாட்டுத் தொடங்கியதுமே சூடு பிடிப்பதில்லை. முதலில் நாலைந்து பேர்தான் வட்டமாக நிற்பார்கள். ஓரிரு சுற்று போன பிறகே அடி ஒன்றுபடும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் போர்வையைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராக எழுந்து வந்து சேர்வார்கள். குன்னூரில் நான் சென்றிருந்த ஒரு வரவேற்பில், வட்டம் நிறைந்துவந்த வேளையில், வெளியூரிலிருந்து வந்த டிஜே இரண்டே நிமிடத்தில் பாட்டை வெட்டிவிட்டு வேறொன்றுக்குத் தாவினார். எடுத்துவைத்த அடியோடு ஒரு மூதாட்டி அப்படியே நின்று, ஸ்பீக்கர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதன்பின் யார் அழைத்தும் அவர் எழவில்லை. அந்த டிஜேக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இந்த ஆட்டம் எப்படி வளரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் டிஜேயிடம் படுகப் பாடல்கள் இருக்கும் என்று நம்பியிருக்காமல், வீட்டுப் பெரியவர்கள் விரும்பும் பாடல்களைத் தெளிவான பதிவாகப் பென் டிரைவில் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கென்று 20 நிமிடங்களுக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வெட்டுதலோ, மைக்கில் கூவுதலோ, கூடுதல் தாளம் சேர்த்தலோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். முன்வரிசை நாற்காலிகளையும் எடுத்துவிட வேண்டும். வட்டத்துக்கு இடம் இல்லாவிட்டால் பாட்டு இருந்தும் பயனில்லை.

சம்பந்தி வீட்டார் ஈரோட்டுக்காரர்கள் என்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இன்று பெரும் ஆர்வத்தோடு ஆடப்படுகிறது. அந்தக் கலையை வளர்த்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கும்மியும் வட்டமாக ஆடுவதுதான். படுகப் பாடல்கள் முடிந்ததும் வட்டம் கலையும் முன்பே கும்மிப் பாட்டைத் தொடங்கிவிட்டால், அதுவரை வேடிக்கை பார்த்த ஈரோட்டுப் பெண்கள் உள்ளே வருவார்கள், உங்கள் வீட்டுப் பெண்கள் வெளியேற மாட்டார்கள். இந்த ஒரு இணைப்பை மட்டும் டிஜேயிடம் இரண்டு முறை சொல்லுங்கள். குத்துப்பாட்டெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

நேரத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் விலக்கு உண்டு என்றாலும், குடியிருப்புப் பகுதியில் இரவுக்கான வரம்பு 45 டெசிபல்தான். நம் ஊரின் குளிர்ந்த, காற்றடங்கிய இரவில் சப்ஊஃபர் என்னும் அடித்தொனி ஸ்பீக்கரின் அதிர்வு எதிர்ச்சரிவு வரை கேட்கும். பனிமூட்டத்திலும் காட்டெருமை நடமாடும் சாலையிலும் வீடு திரும்ப வேண்டிய முதியவர்கள் 9 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஆகவே 6.30-க்கு மணமக்கள் மேடையேறினால் 8 மணி வரை, வாழ்த்தவும் படம் எடுக்கவும் வரிசை நகர்கையில், பேச்சை மறைக்காத நாதஸ்வர இசையும் பழைய மெல்லிசையும் போதும். 8 மணிக்கு மேடை வரிசையை நிறுத்திவிட்டு உங்கள் வட்டம், பிறகு கும்மி, 8.45-லிருந்து இளைஞர்களின் ஆட்டம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் சமவெளிக்காரர்களுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கும் என்பதால், வேகமான மூன்று பாடல்களுக்கு ஒருமுறை நிதானமான ஒன்று வரட்டும். 9.45-க்கு வேகம் இறங்கத் தொடங்க வேண்டும்.

ஸ்பீக்கர்களை ஆடுதளத்தை நோக்கித் திருப்பி, பெரியவர்களின் இருக்கைகளையும் பந்திக் கூடத்தையும் அவற்றுக்குத் தொலைவில் அமையுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளியில் லேப்டாப் தாக்குப்பிடிக்கும், பாடல்களைக் கலக்கும் மிக்சர் கருவி அணைந்துவிடும். அதற்கு யுபிஎஸ் உண்டா என்று கேளுங்கள். மலைப்பாதையில் வண்டி தாமதமாகலாம் என்பதால் டிஜே மாலை 4 மணிக்கே மண்டபத்தில் இருக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். ஆளாளுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டால் அவர் குழம்பிவிடுவார். பெண்ணின் தாய்மாமன் ஒருவர் மட்டும் அவருக்குத் தகவல் சொல்லட்டும். உங்கள் மாமனாரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், வட்டத்தின் முதல் பாட்டு எது என்று.