கேள்வி – பதில்: ஹல் நகரத்தில் எரிந்த வீடுகள்

கேள்வி (வாசகர், தஞ்சாவூர்): இங்கிலாந்தின் ஹல் நகரில் 1970களில் அடுத்தடுத்து வீடுகளுக்குத் தீ வைத்து 26 பேரின் சாவுக்குக் காரணமானதாக ஓர் இளைஞர் தாமே ஒப்புக்கொண்டார் என்று படித்தேன். அவற்றுள் பல, தீவைப்பே அல்ல என்று சிலர் சொல்கிறார்களாம். செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகு ஐயத்துக்கு ஏது இடம்?

பதில்: இடமுண்டு. ஆனால் எல்லாத் தீகளையும் ஒரே அளவில் ஐயப்பட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1979 டிசம்பர் 4ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், ஹல் நகரின் செல்பி தெருவில் ஒரு வீடு எரிந்து, அண்ணன் தம்பிகளான மூன்று சிறுவர்கள் இறந்துபோனார்கள். அந்த வீட்டின் முன்கதவருகே மண்ணெண்ணெய் சிந்திய தடயம் இருந்தது. கதவில் கடிதம் போடுவதற்காக வைத்திருக்கும் துளை வழியாக அதை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று காவல்துறை முடிவுக்கு வந்தது. இது, யாரும் வாக்குமூலம் தருவதற்கு முன்பே, எரிந்த இடத்தின் தடயங்களே தீவைப்பைக் காட்டிக்கொடுத்த நிகழ்வு.

இந்த வழக்கில் 1980 ஜூனில் விசாரிக்கப்பட்டவர் பீட்டர் டின்ஸ்டேல் என்ற 19 வயது இளைஞர். திரை நடிகர் புரூஸ் லீயின் பெயரை 1979இல் தமக்கே சூட்டிக்கொண்டவர். பிற்காலத்தில் பீட்டர் டிரெட்ஜெட் என்று நீதிமன்ற ஆவணங்களில் குறிக்கப்படுபவர். அவர் செல்பி தெருத் தீயை ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், 1973இல், தமக்கு 12 வயதாக இருந்தபோது தொடங்கி, மேலும் பல வீடுகளுக்குத் தாமே தீ வைத்ததாகச் சொன்னார். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீகளில் பெரும்பாலானவை, நடந்த காலத்தில் அதிகாரிகளால் ஆராயப்பட்டு, விபத்து என்றே பதிவு செய்யப்பட்டவை. தொடர் தீவைப்பு நடப்பதாக அந்த ஆண்டுகளில் நகரத்தில் பேச்சே இல்லை. வெவ்வேறு தெருக்களில், வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே சரத்தில் கோத்தது அந்த வாக்குமூலம்தான்.

1981 ஜனவரியில் லீட்ஸ் நீதிமன்றத்தில் அவர் கொலைக் குற்றச்சாட்டுகளை மறுத்து, மனநலக் குறைபாட்டினால் பொறுப்புணர்வு குன்றிய நிலையில் 26 பேருக்கு மரணம் விளைவித்ததாகவும், 11 தீவைப்புகளைச் செய்ததாகவும் ஒப்புக்கொண்டார். குற்றவாளியே ஒப்புக்கொண்டபடியால், ஒவ்வொரு தீயும் எப்படிப் பிடித்தது என்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு எழவே இல்லை. காலவரையறை இன்றி அவர் பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

அந்த 26 பேரில் 11 பேர், ஹல்லை அடுத்த ஹெஸ்ஸில் ஊரின் வென்ஸ்லி லாட்ஜ் முதியோர் இல்லத்தில் 1977 ஜனவரி 5ஆம் தேதி இறந்த முதியவர்கள். அந்தத் தீயைப் பற்றி அப்போதே ஒரு விசாரணை நடந்து, கொதிகலன் அறையில் வேலை செய்த பிளம்பரின் தீ ஊதும் விளக்கிலிருந்து நெருப்புப் பற்றியதாக முடிவும் சொல்லப்பட்டிருந்தது. பிறவியிலேயே வலது கையும் காலும் வலுவிழந்து, வலிப்பு நோயும் இருந்த ஒருவர், தாம் சொன்னபடி அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து தீ வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பியிருக்க முடியுமா என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. 'சண்டே டைம்ஸ்' இதழ் இந்த வழக்கின் மீதான ஐயங்களைத் தொடர்ந்து எழுதியது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 11 மரணங்களுக்கான தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. வாக்குமூலத்தின் மிகப் பெரிய நிகழ்வே நிற்கவில்லை என்றால், அதே வாயிலிருந்து வந்த மற்றவற்றை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எரிந்த இடத்தைப் பார்த்தே தீவைப்பா விபத்தா என்று வல்லுநர்கள் சொல்லிவிட முடியாதா?

பதில்: முடியும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். தரையில் குட்டை தேங்கியதுபோல் ஒழுங்கற்ற கரிந்த வடிவம் இருந்தால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றப்பட்டிருக்கிறது. சன்னல் கண்ணாடியில் சிலந்தி வலைபோல் நுண்ணிய விரிசல் ஓடியிருந்தால் நெருப்பு மிக வேகமாகச் சூடேறியிருக்கிறது. இப்படிப் பல அடையாளங்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பாடமாக வந்துகொண்டிருந்தன. அவற்றைச் சோதித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

1990இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரின் லைம் தெருவில் ஒரு வீடு எரிந்து, ஒரு பெண்ணும் குழந்தைகளும் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவர்தான் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார் என்று வழக்கு. பக்கத்திலேயே இடிப்பதற்காக விடப்பட்டிருந்த, அதே அமைப்புள்ள வீடு ஒன்று இருந்தது. அரசுத் தரப்புக்காக வந்த ஜான் லெண்டினி முதலிய வல்லுநர்கள், அந்த வீட்டில் அதேபோல் சோஃபாவும் தரைவிரிப்பும் போட்டு, எந்த எண்ணெயும் ஊற்றாமல் சோஃபாவுக்கு மட்டும் நெருப்பு வைத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூரையடியில் திரண்ட சூடான புகை தானே தீப்பிடித்து, அறையிலுள்ள அனைத்தும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. பெட்ரோல் ஊற்றியதற்கு அடையாளம் என்று எதைச் சொன்னார்களோ, அதே வடிவங்கள் தரையிலும் சுவரிலும் தோன்றின. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் எரிந்த வீடுகளை ஆராய்ந்தபோது, கண்ணாடி விரிசலுக்குக் காரணம் தீயணைப்புக் குழாயின் நீர் பட்டுத் திடீரெனக் குளிர்ந்ததே என்பதும் புலப்பட்டது.

இதை ஹல் நகரத்தோடு பொருத்திப் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய வீடுகளில் குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருப்பது சாதாரணம். ஆகையால் ஒரு வீட்டுக்குள் மண்ணெண்ணெய் இருந்தது என்பது மட்டுமே சான்று ஆகாது. மலிவான சோஃபாக்களில் பாலியூரித்தேன் நுரை அடைக்கப்பட்டிருந்தது. அது மளமளவென்று எரிந்து நச்சுப் புகையைக் கக்கும். 1979 மே மாதம் மான்செஸ்டரில் வூல்வொர்த்ஸ் கடை எரிந்து 10 பேர் இறந்ததற்கும் அந்த நுரை பெரிய காரணம். 1988இல்தான் இருக்கைகளுக்கான கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் பிரிட்டனில் வந்தன. அணையாத ஒரு சிகரெட்டே ஒரு குடும்பத்தை அழிக்கப் போதுமாக இருந்த காலம் அது.

கேள்வி (வாசகர், மதுரை): காவல்துறையிடம் தந்த வாக்குமூலம் நம் நாட்டில் செல்லாதே, அங்கே எப்படிச் செல்லும்?

பதில்: 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படிச் சொன்னது; இன்றைய புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. ஆங்கிலேயர் இங்கே இயற்றிய அந்தத் தடை அவர்கள் நாட்டில் கிடையாது. தானாக முன்வந்து சொன்னதாக இருந்தால் அங்கே ஏற்கப்படும். 1972இல் லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் ஒருவர் கொல்லப்பட்டு, அந்த வீட்டுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அந்த வழக்கில் மூன்று இளைஞர்கள் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். ஒருவர் 18 வயதிலும் சிறுபிள்ளையின் அறிவு நிலையிலேயே இருந்தவர். 1975இல் தீர்ப்புகள் ரத்தாயின. அந்த வழக்கு கிளப்பிய கவலையிலிருந்து பிறந்ததுதான், காவல்துறை விசாரணைக்கு நெறிமுறை வகுத்த 1984ஆம் ஆண்டுச் சட்டம். விசாரணையை ஒலிப்பதிவு செய்வதும், எளிதில் வசப்படக்கூடியவர்களோடு பொறுப்பான ஒருவர் உடனிருப்பதும் அதன் பிறகே உறுதியான விதிகள் ஆயின. டின்ஸ்டேல் விசாரிக்கப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு.

கேள்வி (வாசகர், சென்னை): இப்போது சட்டப்படி நிலைமை என்ன?

பதில்: குற்றவழக்குகளை மறுஆய்வு செய்யும் ஆணையம் டின்ஸ்டேல் வழக்கை மீண்டும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது, 2022இல் நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தாமே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் தீர்ப்பை மாற்ற அங்கே வரையறைகள் மிகக் குறுகியவை. அந்த அளவுகோலில் வழக்கு தேறவில்லை. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தீர்ப்பு நிலைக்குமா என்பதும், 1973இல் ஒரு வீட்டில் நெருப்பு எப்படிப் பிடித்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு, எரிந்த தரையை இனி யாரும் ஆராய முடியாது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் விபத்து என்றார்கள், பிறகு ஒருவன் கொளுத்தினான் என்றார்கள், அவர்களுள் வென்ஸ்லி லாட்ஜ் குடும்பங்களுக்கு அதுவும் உறுதியில்லை என்றார்கள். ஆகவே இன்றும் 26 பேரைக் கொன்றவர் என்று எழுதுவது தவறு. சட்டப்படி நிற்பது 15 மரணங்கள் மட்டுமே.