கண்ணுக்குத் தெரியாத மழை

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பணிபுரியும் என் மகள், வரும் ஆகஸ்டில் ஸயான் தேசியப் பூங்காவின் ‘நேரோஸ்’ பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம் என்று அழைக்கிறாள். எனக்கு வயது 61, நீச்சல் தெரியாது. போகலாமா? – ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: நீச்சல் தெரியாதது பெரிய தடையன்று, கோடையில் வர்ஜின் ஆறு அங்கே பெரும்பாலும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில்தான் ஓடும். நீங்கள் அஞ்ச வேண்டியது மழைக்கு, அதுவும் உங்கள் தலைக்கு மேல் பெய்யாத மழைக்கு.

இருபுறமும் ஆயிரம் அடி வரை செங்குத்தாக எழும் மணற்பாறைச் சுவர்களுக்கு நடுவே, சில இடங்களில் ஆற்றின் அகலம் இருபது முப்பது அடிதான். மேட்டூர் அணைச் செய்திகளில் ஆயிரக்கணக்கான கன அடிகளைப் படித்துப் பழகிய நமக்கு, நொடிக்கு 150 கன அடி என்பது வாய்க்கால் நீராகத் தோன்றும். ஆனால் அந்த அளவைத் தாண்டினாலே பூங்கா நிர்வாகம் நேரோஸை மூடிவிடுகிறது. பக்கவாட்டில் பரவ இடமில்லாத நீர் மேல்நோக்கித்தான் ஏறும் என்பதே காரணம். எங்கோ மேட்டு நிலத்தில் கொட்டும் இடிமழை, வெறும் பாறையில் ஊறாமல் வழிந்து, நீங்கள் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து சேரலாம். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் என்னும் குறுகிய பள்ளத்தில் இப்படி வந்த வெள்ளம் ஏழு பேரின் உயிரைப் பறித்தது.

நடக்கும்போது சுவர்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்: தலைக்கு மேலே பாறை இடுக்குகளில் மரக்கட்டைகள் செருகிக்கொண்டிருந்தால், முன்பு வந்த வெள்ளத்தின் உயரம் அது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேற்புறத்தில் இரைச்சல் கேட்டாலோ, ஓடித் தப்ப முயலாமல் உடனே அருகிலுள்ள மேடான இடத்தில் ஏறி, நீர் வடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்; பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும்.

மற்றவை சிறு சங்கடங்கள், ஆனாலும் புறக்கணிக்கத் தக்கவையல்ல. ஆற்றின் அடியில் உள்ள உருண்டைக் கற்கள் எண்ணெய் தடவிய தேங்காய்போல வழுக்கும் என்பதால், கணுக்காலைப் பிடிக்கும் காலணியும் உறுதியான ஊன்றுகோலும் வேண்டும். வெயில் அதிகம் எட்டாத அந்த இடத்தில் நனைந்த பருத்தி ஆடை உடற்சூட்டை உறிஞ்சிவிடும்; சுடிதாரைத் தவிர்த்து, விரைவில் காயும் துணி அணியுங்கள். 2020-இல் அந்த ஆற்றில் நச்சுப் பாசி கண்டறியப்பட்டது; குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே இடிமழைக் காலம் என்பதால், பயணத்தைச் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிவைக்க முடிந்தால் அதையே பரிந்துரைப்பேன். ஆகஸ்டிலேயே போவதானால், அன்று காலை அறிவிக்கப்படும் திடீர் வெள்ள அபாய நிலையைப் பார்த்த பிறகே ஆற்றில் கால் வையுங்கள். ‘எதிர்பார்க்கப்படவில்லை’ என்பதைத் தவிர வேறெது இருந்தாலும், கரையோரப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, பள்ளத்தாக்கின் வாயிலைப் பார்த்துவிட்டு மகளோடு திரும்பிவிடுங்கள்.