வெயில் வேண்டும், சூடு ஆகாது

கேள்வி: சோலார் பேனலில் 400 வாட் என்று போட்டிருக்கிறது. உச்சி வெயிலிலும் 340ஐத் தாண்டவில்லை. பழுதா?

பதில்: பழுதில்லை. பேனலுக்குத் தீனி வெளிச்சம்தான். பேனலில் வரிசையாக இருக்கும் வழக்கமான சிலிக்கான் செல்லின் மேற்பக்கத்தில் துளி பாஸ்பரஸும் அடியில் துளி போரானும் கலந்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தானாகவே ஒரு மின்புலம் உண்டாகிவிடும். ஒளி பட்டு விடுபடும் எலெக்ட்ரானை அது மேலே தள்ள, கண்ணாடிக்கடியில் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் வாங்கிக்கொள்கின்றன. ஒரு செல்லுக்குக் கிடைப்பது 0.6 வோல்ட் சொச்சம். அதனால்தான் 60, 72 என்று தொடராகக் கோக்கிறார்கள்.

செல் சூடேறச் சூடேற இந்த வோல்டேஜ் இறங்கும். 400 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்க, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது எடுத்த சோதனைக்கூடக் கணக்கு. கடும் வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் என்றால் 14 சதவீதம் போய், மிச்சம் 344. உங்கள் பேனலுக்கான சரியான எண் டேட்டா ஷீட்டில் இருக்கும். கூரையோடு ஒட்டி மாட்டாமல், அடியில் காற்று ஓட 10 சென்டிமீட்டராவது விடுங்கள்.

கேள்வி: மோனோ, பாலி, தின் ஃபிலிம்... எது நல்லது?

பதில்: இடம் குறைவா, மோனோ. ஒரே படிகத்தை உருளையாக வளர்த்து வில்லை வில்லையாக அறுப்பது. செல்லின் மூலைகள் மழுங்கியிருப்பது அந்த உருளையின் அடையாளம். விழும் ஒளியில் 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக்கும். பாலி, உருக்கி அச்சில் ஊற்றி ஆறவைத்தது. நீலத்தில் சில்லுச் சில்லாகத் தெரியும். சில்லுகளின் ஓரங்களில் எலெக்ட்ரான்கள் சிக்கிவிடுவதால் 15 - 17தான். இன்று அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. தின் ஃபிலிம், கண்ணாடிமேல் காட்மியம் டெலுரைடு போன்றவற்றைச் சில மைக்ரான் கனத்தில் படியவைப்பது. சூட்டைத் தாங்கும், பரந்த நிலத்துக்குத்தான் பொருந்தும். பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைச் செல் ஈரம் பட்டால் கெடும், அவசரப்படாதீர்கள்.

கேள்வி: ஒரு சருகு விழுந்தால் என்ன ஆகிவிடும்?

பதில்: ஒரு செல்லை முழுதாக மூடினால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போகலாம். தொடரில் ஒன்று அடைத்தால் மற்றவற்றின் கரண்டும் அங்கே முட்டிச் சூடாகும். செல் கருகாமலிருக்க, பின்னாலுள்ள ஜங்ஷன் பாக்ஸில் வழக்கமாக 3 பைபாஸ் டயோடுகள் இருக்கும். நிழல் விழுந்த பகுதியை மட்டும் அவை ஒதுக்கிவிடும். டயோடு பழுதானால் நிழல் விழும் செல்லின் பின்புறம் பழுப்பேறலாம். துடைப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.