116 கல்லூரிகளுக்கு ஒரு தலைவர்: கேள்வி – பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) தலைவராக இருக்கும் சோனியா கிறிஸ்டியன் கேரளத்தில் பிறந்தவர் என்று படித்தேன். அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் என் மகளும் அப்படி ஒரு பொறுப்புக்கு வர விரும்புகிறாள். என்ன வழி? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மகள் நல்ல இடத்தில்தான் நிற்கிறார், அம்மா. சோனியா தொடங்கியதும் கணித வகுப்பில்தான். கேரளப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவில் மேற்படிப்பு முடித்து, 1991இல் பேக்கர்ஸ்ஃபீல்டு கல்லூரியில் கணித ஆசிரியரானார். எண்ணெய்க் கிணறுகளும் பண்ணைகளும் நிறைந்த கெர்ன் மாவட்டத்துக் கல்லூரி அது. துறைப் பொறுப்பு, டீன் பதவி, பிறகு ஓரிகன் மாநிலத்தின் லேன் சமுதாயக் கல்லூரியில் துணைத் தலைவர் என்று படிப்படியாகப் போய், 2013இல் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கே தலைவராகத் திரும்பினார். 2021இல் கெர்ன் கல்லூரி மாவட்டத்தின் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளின் தொகுதி) சான்சலர், அதாவது தலைமை நிர்வாகி. 2023 ஜூன் முதல் மாநிலம் முழுமைக்கும் சான்சலர்.

கல்லூரி, மாவட்டம், மாநிலம் என்ற மூன்று படிகளைக் கவனியுங்கள். ஆசிரியராக முப்பது ஆண்டு இருந்தாலும் வரவு செலவுத் திட்டம் போடவும், ஆசிரியர் சங்கத்துடன் பேச்சு நடத்தவும் பழக்கம் வந்துவிடாது. கல்லூரியின் ஆசிரியர் பேரவையிலும் பாடத்திட்டக் குழுவிலும் உங்கள் மகள் இப்போதே இடம் பிடிக்கட்டும். பலர் அலுப்பு என்று ஒதுங்கும் அந்தக் கூட்டங்களில்தான் ஒரு கல்லூரி எப்படி முடிவெடுக்கிறது என்று தெரியவரும்.

கேள்வி: சான்சலர் உத்தரவிட்டால் எல்லாக் கல்லூரிகளும் கேட்குமா? – அதே வாசகி

பதில்: கேட்காது. இந்தப் பதவியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மாநிலத்தின் 116 சமுதாயக் கல்லூரிகளும் 73 கல்லூரி மாவட்டங்களில் அடங்கும். ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழு உண்டு. கல்லூரித் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் மாவட்டத்தின் வேலை. மாநிலச் சான்சலரின் கையில் இருப்பவை விதிமுறை, நிதிப் பங்கீடு, சட்டமன்றத்தில் வாதாடும் வாய்ப்பு, பேச்சுத்திறன்.

அவை சிறியவையும் அல்ல. 2016 முதல் 2022 வரை சான்சலராக இருந்த எலோய் ஓர்ட்டிஸ் ஓக்லியின் காலத்தைப் பாருங்கள். முன்பு நிதி பெரும்பாலும் சேர்க்கையை வைத்தே கிடைத்தது. 2018இல் வந்த புதிய கணக்கு, ஏழை மாணவர் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நிறைவேறிய இன்னொரு சட்டம்தான் என் மனத்துக்கு நெருக்கமானது. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவுசெய்ய வைக்கும் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து மாணவரை அடிப்படைக் கணித வகுப்புகளுக்குத் தள்ளும் வழக்கத்தை அது கட்டுப்படுத்தியது; பள்ளி மதிப்பெண்களையும் பார்க்கச் சொன்னது.

நான் அந்த அடிப்படை வகுப்புகளில் பாடம் நடத்தியவன். அவற்றில் தேறினாலும் பட்டத்துக்கு உதவாது. பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று வரும் தாய்மார்கள் பின்னங்களையும் சமன்பாடுகளையும் பருவம் பருவமாகத் திரும்பப் படித்து, கல்லூரிக் கணிதத்தை எட்டும் முன்பே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குத் திறமை இருந்தது. இத்தனை பருவங்கள் காத்திருக்கத்தான் வசதி இல்லை. சக ஆசிரியர்கள் பலர் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். அடித்தளம் இல்லாமல் மாணவர் தோற்பார்கள் என்ற அவர்களின் அச்சம் உண்மையானது. அதனால்தான் கூடுதல் உதவி வகுப்பை முதன்மைப் பாடத்தோடு இணைத்து நடத்துவது முக்கியம். அதைச் செய்ய ஆளும் பணமும் வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்கித் தருவது தலைவரின் கடமை என்பேன்.

கேள்வி: முனைவர் பட்டம் அவசியமா? – ஒரு வாசகர்

பதில்: சோனியா முனைவர் பட்டம் பெற்றவர். ஓக்லி ராணுவத்தில் பணியாற்றி, சமுதாயக் கல்லூரியில் படித்து, பல்கலைக்கழகத்துக்கு மாறி எம்.பி.ஏ. முடித்தவர். லாங் பீச் நகரக் கல்லூரியின் தலைமையில் கழித்த ஆண்டுகள்தாம் அவரை மாநிலப் பதவிக்குக் கொண்டுசென்றன. இருந்தாலும் இன்று இத்தகைய பதவிகளுக்கான விளம்பரங்களில் முனைவர் பட்டத்துக்கு முன்னுரிமை தருவது வழக்கம். வேலையோடு சேர்த்துப் படிக்கலாம். உயர்கல்வித் தலைமை என்றே தனி முனைவர் படிப்புகள் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. அதற்கு முன் துறைத் தலைவர் பொறுப்பு காலியானால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.