பி-டெக் பள்ளி வேறு, பி.டெக் வேறு: பெற்றோர் கேட்டவை

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசு இரண்டு வருடக் கல்லூரி) மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். பள்ளியும் கல்லூரியும் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் படிப்புகளைப் பற்றி நம் ஆட்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் 'பி-டெக்' என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவதிலேயே பி.டெக்கா?

நம் வீடுகளில் எல்லாரும் கேட்பதுதான்! இது ஒரு பள்ளி முறையின் பெயர். 2011இல் புரூக்ளினில் நியூயார்க் மாநகரக் கல்வித்துறை, அந்நகரின் அரசுப் பல்கலைக்கழகம், ஐபிஎம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு வருடம். முடிக்கும்போது பள்ளிச் சான்றிதழோடு அசோசியேட் டிகிரியும் (இரண்டு வருடக் கல்லூரிப் பட்டம்) கையில் இருக்கும், கல்லூரிக் கட்டணம் கிடையாது. சில பிள்ளைகள் நாலே வருடத்தில் முடித்துவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டுவதில்லை என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. 2013இல் ஒபாமா நேரில் போய்ப் பார்த்தார். 2017இல் டெக்ஸாஸ் இதற்குச் சட்டமே போட்டது.

முடித்தால் பள்ளியோடு சேர்ந்து நடத்தும் கம்பெனியில் வேலை உறுதிதானே?

இல்லை. புரூக்ளினிலேயே ஐபிஎம் சொன்னது, வேலைக்கு ஆள் எடுக்கும்போது இவர்களுக்கு முன்னுரிமை என்பதுதான். போஸ்டரில் லோகோ போடுவது சுலபம். அந்த நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் எனும் வேலைப் பயிற்சி போன வருடம் எத்தனை பேருக்குக் கிடைத்தது, சம்பளம் கொடுத்தார்களா என்று பள்ளியில் கேளுங்கள். பதில் இழுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

டல்லாஸில் இருக்கிறோம். இங்கே கல்லூரிப் பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் எல்லாம் பிறகு பல்கலைக்கழகத்தில் செல்லுமா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அசோசியேட் டிகிரியில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு வகை. 'ஏஎஸ்' என்பது மேலே நாலு வருடப் படிப்புக்குப் போகிறவர்களுக்கானது. 'ஏஏஎஸ்' நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானது, அதன் தொழில் பாடங்கள் பல இடங்களில் செல்லாது. நோட்டீஸில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், இரண்டு வருட உழைப்பு அதில் போய்விடும். டெக்ஸாஸில் ஒரு வசதி உண்டு: 42 கிரெடிட் மணிநேர பொதுப் பாடத் தொகுப்பை முழுதாக முடித்திருந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்றே ஆக வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அப்புறம், மதிப்பெண். பதினைந்து வயதில் கல்லூரிப் பாடத்தில் வாங்கிய 'டி' கிரேடும் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். பின்னால் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்தே ஜிபிஏ எனும் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடுவார்கள். டாக்டர் கனவு இருக்கும் வீடுகளில் இதை யோசித்து, பிள்ளைக்குத் தெம்பான பாடத்தில் ஆரம்பியுங்கள்.

மகன் என் ஹெச்-1பி வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறான். சேரலாமா?

படிக்கலாம், சிக்கல் இன்டர்ன்ஷிப்பில்தான். ஹெச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டு வேலை அனுமதி அட்டை வாங்கியிருந்தால் செய்யலாம். "சம்பளம் வேண்டாம், சும்மா போகட்டும்" என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அதுவும் வேலையாகக் கருதப்படலாம், வக்கீலைக் கேளுங்கள். சேர்வதற்கு முன்பே பள்ளி ஆலோசகரிடம் நிலைமையைச் சொல்லி, இன்டர்ன்ஷிப்புக்குப் பதில் வகுப்பு ப்ராஜெக்ட் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். பதினோராம் வகுப்பில் எல்லாரும் கிளம்பும்போது இவன் மட்டும் உட்கார்ந்திருந்தால் மனசு விட்டுப்போகும்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஊரில் மட்டமாக நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். ஃபீஸ் அவர்களா கட்டப்போகிறார்கள்?

சியாட்டில் பக்கம் இருக்கிறோம். இங்கே பி-டெக் பள்ளி எதுவும் கண்ணில் படவில்லையே?

உங்களுக்கு 'ரன்னிங் ஸ்டார்ட்' இருக்கிறது. 1990இல் வந்த வாஷிங்டன் மாநிலச் சட்டம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கம்யூனிட்டி காலேஜிலேயே போய்ப் படிக்கலாம், டியூஷன் ஃபீஸ் இல்லை. புத்தகச் செலவும் போக்குவரத்தும் உங்கள் பாடு. நிறுவனம் எதுவும் கூட வராது, இன்டர்ன்ஷிப்பை நீங்களேதான் தேட வேண்டும். பத்தாவது முடிவதற்குள் பள்ளி ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள். கோடை விடுமுறையில் போனால் அவர் அறை பூட்டியிருக்கும்.