பிரிட்டன் மலைகளில் நடக்க: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் வாழும் வாசகர்களிடமிருந்தும், அங்குள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரிடமிருந்தும் வந்துள்ளன. மலைநடை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறை விடையளிக்கிறேன்.

ஜூலையில் என் மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து வருகிறார்கள். இருவரும் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பதினொரு வயதும் ஆகின்றன. எல்லோரும் சேர்ந்து ஏறக்கூடிய அழகான மலை எது?
– கவென்ட்ரி வாசகி

உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத மால்வெர்ன் குன்றுகளையே முதலில் சொல்வேன். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு, சமவெளியில் எழுப்பிய மதிலைப்போல நிற்கும் அந்தத் தொடரில் மிக உயர்ந்தது 425 மீட்டர் உயரமுள்ள வூஸ்டர்ஷயர் பீக்கன். அடிவாரத்திலுள்ள கிரேட் மால்வெர்னுக்கு ரயில் செல்கிறது. காரில் போகிறவர்கள் தொடரின் இடையிலுள்ள கணவாய்களில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால் ஏற்றத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். முகட்டில் ஏறியபின் புல்வெளிப் பாதைதான். மேற்கே வேல்ஸ் மலைகளும் கிழக்கே செவர்ன் ஆற்றுச் சமவெளியும் நடக்கும் தூரமெல்லாம் இருபுறமும் உடன்வரும்.

இன்னும் குறைந்த நடை போதுமென்றால், இங்கிலாந்தின் நடுப்பகுதி மேட்டுநிலமான பீக் டிஸ்டிரிக்டில் உள்ள மாம் டோருக்குப் போகலாம். 517 மீட்டர் உயரம்; ஆனால் வண்டி நிறுத்துமிடம் உச்சிக்கு அருகிலேயே இருக்கிறது, அங்கிருந்து கல் பாவிய பாதை மேலே செல்கிறது. இதற்கு ‘நடுங்கும் மலை’ என்றொரு பெயரும் உண்டு. கிழக்குச் சரிவு ஓயாமல் சரிந்துகொண்டிருந்ததால், அதன் குறுக்கே சென்ற நெடுஞ்சாலையை 1979இல் கைவிட்டுவிட்டார்கள். பிளந்தும் மடிந்தும் கிடக்கும் அந்தத் தார்ச்சாலை, பிள்ளைகளுக்கு உச்சியைவிடவும் பிடித்துப்போகலாம்.

வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்டிரிக்டுக்குப் போவதானால் எல்லோரும் சொல்லும் பெயர் கேட்பெல்ஸ் (451 மீட்டர்). கெஸ்விக் ஊரில் படகேறி, டெர்வென்ட் வாட்டர் ஏரியைக் கடந்து அதன் அடிவாரத்தில் இறங்கலாம். உச்சியை நெருங்கும்போது கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய பாறைகள் வருகின்றன என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளைகள் துள்ளி ஏறிவிடுவார்கள். பெரியவர்களைப் படகிலேயே ஏரியை ஒரு சுற்று வரச் சொல்லுங்கள்.

இந்தியாவில் பல மலைகளில் ஏறியிருக்கிறேன். தொட்டபெட்டா 2637 மீட்டர். பிரிட்டனின் மிக உயர்ந்த பென் நெவிஸ் வெறும் 1345 மீட்டர். அதற்கு ஏன் இத்தனை எச்சரிக்கைப் பலகைகள்?
– வெம்பிளி வாசகர்

கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் ஏறுபவருக்கு ஒன்றும் சொல்லாது. நடக்கத் தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு ஏறுகிறோம் என்பதே கணக்கு. ஊட்டியே 2200 மீட்டருக்கு மேல் இருப்பதால் தொட்டபெட்டாவுக்கு நாம் ஏறுவது சில நூறு மீட்டர்தான். அதையும் வண்டி ஏறிவிடுகிறது. பென் நெவிஸின் அடிவாரத்து ஊரான ஃபோர்ட் வில்லியம் கடல் உள்வாங்கிய நீர்நிலையின் கரையிலேயே அமைந்திருப்பதால், அந்த 1345 மீட்டரில் ஏறத்தாழ முழுவதையும் உங்கள் கால்களே ஏறியாக வேண்டும். போய்வர ஏறக்குறைய 17 கிலோமீட்டர். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். அதன்படி பார்த்தால் நிற்காமல் நடந்தாலே ஐந்தரை மணி நேரத்துக்கு மேலாகிறது. இளைப்பாறலும் உணவும் சேர்ந்தால் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் வானிலை. அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று நேரே வந்து மோதும் இடம் அது. இன்று நீங்கள் நடக்கும் பாதையே, உச்சியிலிருந்த வானிலை ஆய்வுக்கூடத்துக்கு மட்டக்குதிரைகளில் பொருள் ஏற்றிச் செல்வதற்காக 1883இல் போடப்பட்டதுதான். 1904இல் மூடப்படும்வரை அங்கே தங்கியிருந்தவர்கள் இரவும் பகலும் குறித்துவைத்த கணக்கின்படி, உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே. ஆண்டு மழையளவு 4000 மில்லிமீட்டருக்கும் மேல். 1894 செப்டம்பரில் அங்கே சில நாள்கள் பணியாற்றிய சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர், மேகத்தின்மீது விழுந்த மலை நிழலைச் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றுவதைக் கண்டு வியந்து, ஆய்வறையில் செயற்கை மேகத்தை உண்டாக்கிப் பார்க்க முற்பட்டார். அந்த முயற்சிதான் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாக வளர்ந்து அவருக்கு 1927இல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. அவருக்குக் கிடைத்த காட்சி உங்களுக்கும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். உச்சி பெரும்பாலான நாள்களில் மேகத்துக்குள்தான் இருக்கிறது.

ஆபத்து இருப்பதும் அந்த மேகத்தில்தான். உச்சி அகன்ற கல்மேடு. அதன் வடபுறம் செங்குத்தாக அறுந்து விழுகிறது. மூடுபனியில் திசைகாட்டியைப் பாராமல் இறங்கத் தொடங்கியவர்கள் பாதையை விட்டு விலகிப் பள்ளங்களுக்குள் விழுந்திருக்கிறார்கள். வசந்தகாலம் முடியும்வரை விளிம்பில் பனி கூரைபோல நீண்டு நிற்பதும், அதன் கீழே தரை இல்லாததும் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பலகைகள் சொல்வது இதைத்தான்.

எங்கள் சங்கத்து இளைஞர்கள் நிதி திரட்டுவதற்காக மூன்று நாடுகளின் மூன்று சிகரங்களையும் 24 மணி நேரத்தில் ஏற விரும்புகிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– ஹாரோ வாசகர்

நிதி திரட்டுங்கள், 24 மணி நேரத்தை விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), வேல்ஸின் ஸ்னோடன் (1085 மீட்டர்) ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முனைபவர்கள் அந்நேரத்தின் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில் செலவழிக்கிறார்கள். ஓட்டுநர் உறங்குவதில்லை. நடுமலையான ஸ்காஃபெல் பைக்கைப் பெரும்பாலும் இருட்டில் ஏறி இருட்டிலேயே இறங்குகிறார்கள். அடிவாரமான வாஸ்டேல் ஹெட்டின் சில வீடுகளில் உறங்குபவர்களுக்கு வண்டிக் கதவுகள் சாத்தும் ஓசைதான் மிச்சம்.

பகலில் பார்க்கவேண்டிய மலை அது. இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரியான வாஸ்ட் வாட்டர் அதன் காலடியில் கிடக்கிறது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த அவ்வட்டார மக்களின் நினைவாக லெக்கன்ஃபீல்ட் பிரபு அதன் உச்சியை 1919இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு அளித்தார். ஒரு சிலையோ தூணோ அல்லாமல் மலையுச்சியையே நினைவுச்சின்னமாக்கிய அந்த எண்ணம் எனக்கு எப்போதும் பெரிதாகப் படுகிறது. மூன்று வார இறுதிகளில் மூன்று மலைகளாக ஏறினாலும் நன்கொடை தருபவர்கள் தரத்தான் செய்வார்கள்.

இளைஞர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஸ்னோடனின் கிரிப் கோக் முகடும், லேக் டிஸ்டிரிக்டிலுள்ள ஹெல்வெலின் மலையின் ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகடும் படங்களில் கண்ணைப் பறிப்பவை. காற்று வீசும் நாளில் இரண்டுமே கத்திமுனைதான். ஹெல்வெலினில் அந்த முகட்டின் தொடக்கம்வரை போய், காற்று என்னை நிற்கவிடாததால், கீழேயிருந்த ரெட் டார்ன் குளத்தங்கரையில் அமர்ந்து புளியோதரையை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் அந்த உச்சி வாய்த்தது.

மலைகள் பலவும் தனியார் நிலம் என்கிறார்கள். அப்படியானால் நாம் எந்த உரிமையில் நடக்கிறோம்?
– மான்செஸ்டர் வாசகி

இந்தக் கேள்விக்கான விடையின் தொடக்கம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீக் டிஸ்டிரிக்டின் மிக உயர்ந்த மேடான கிண்டர் ஸ்கவுட் (636 மீட்டர்), ஒரு காலத்தில் செல்வர்கள் காட்டுக்கோழி வேட்டையாடுவதற்கென்று காவலாளிகளை வைத்துக் காக்கப்பட்டது. வாரம் முழுவதும் ஆலைப்புகையில் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றைத் தேடி வந்த தொழிலாளர்களுக்கு அங்கே இடமில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மேன் என்ற இருபது வயது இளைஞரின் முன்னணியில் சில நூறு பேர் தடையை மீறி அந்த மேட்டில் ஏறினார்கள். காவலாளிகளுடன் கைகலப்பு நேர்ந்தது. ராத்மேன் உட்பட ஐந்து பேர் சிறைக்குச் சென்றார்கள். தண்டனையின் கடுமையே பொதுமக்களின் மனத்தை அவர்கள் பக்கம் திருப்பியது.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே பீக் டிஸ்டிரிக்ட். அந்தக் கிண்டர் மேட்டின் அடியிலுள்ள ஈடேல் ஊரிலிருந்துதான், 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே என்ற நெடும்பாதையும் ஸ்காட்லாந்து எல்லையை நோக்கிப் புறப்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மேட்டுநிலங்களிலும் திறந்தவெளிகளிலும் காலாற நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது; பிற இடங்களில் வரைபடத்தில் குறித்த பொதுப்பாதையிலேயே நடக்கவேண்டும். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது. வீட்டுத்தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை நீங்கலாக, பொறுப்போடு நடப்பவர்களுக்கு எங்கும் வழியுண்டு. நாம் திறந்த கதவைச் சாத்துவதும், ஆட்டுக்குட்டிகள் இருக்கும் பருவத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வதும் அந்தப் பொறுப்பில் சேரும்.

மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்ட் செல்லும் ரயிலில் ஈடேலில் இறங்கி ஒருநாள் கிண்டருக்குப் போய்வாருங்கள். மேற்குக் காற்று வலுத்தால், அங்குள்ள அருவி கீழே விழாமல் மேல்நோக்கிச் சிதறும்.

ஸ்னோடனை இப்போது வேறு பெயரால் அழைக்கிறார்களே?
– கார்டிஃப் வாசகர்

புதுப்பெயர் அன்று, பழம்பெயர். வெல்ஷ் மக்கள் அதை எப்போதும் ‘அர் வித்வா’ என்றுதான் அழைத்துவந்தார்கள். அம்மலை அமைந்துள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகமும் தன் வழக்கில் அதையே பயன்படுத்துவதென்று 2022 நவம்பரில் முடிவு செய்தது. கல்லால் மூடிய சமாதி என்பது அதன் பொருள். ரிதா என்ற அரக்கன் அங்கே புதையுண்டதாகக் கதை. அந்தப் பெயரில் ‘த்’ என்று எழுதியிருக்கும் மெய்யொலி, ‘அது’ என்னும்போது நாம் எழுப்பும் தகரம்தான். ஆங்கிலேயரைவிட நமக்கு எளிது. ‘பென்’ என்று தொடங்கும் வேல்ஸ் மலைப்பெயர்களில் அது தலையைக் குறிக்கும். பென் நெவிஸின் ‘பென்’ கேலிக் மொழியில் மலையைக் குறிக்கும் வேறொரு சொல். லேக் டிஸ்டிரிக்டில் மலையைக் குறிக்கும் ‘ஃபெல்’ பழைய நார்ஸ் மொழியினர் விட்டுச்சென்றது.

நடக்க முடியாதவர்களுக்கு 1896 முதல் அடிவாரத்து ஊரான லான்பெரிஸிலிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிறது. காற்று பலமானால் பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

எந்த மாதம் நல்லது? எதை எடுத்துச் செல்வது? வழி தவறினால் என்ன செய்வது?
– லூட்டன் வாசகி

மே மாதம். பகல் நீளம், மழை ஒப்பளவில் குறைவு, ஸ்காட்லாந்தில் கூட்டமாக மொய்த்துக் கடிக்கும் ‘மிட்ஜ்’ பூச்சிகள் இன்னும் பெருகியிருக்காது. டிசம்பரில் அங்கே பகல்பொழுது ஏறத்தாழ ஏழு மணி நேரம்தான். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடற்சூட்டையும் இழுத்துவிடும். மழைச்சட்டை, கூடுதலாக ஒரு கம்பளிச்சட்டை, நெற்றிவிளக்கு, திசைகாட்டி, பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் 25,000க்கு 1 அளவுள்ள தாள் வரைபடம், ஊதல் ஆகியவை பையில் இருக்கட்டும். தொலைபேசி குளிரில் சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் அதை வரைபடமாக நம்பவேண்டாம்.

அடிபட்டாலோ வழி தவறினாலோ 999 எண்ணை அழைத்து, முதலில் போலீசையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேளுங்கள். அக்குழுவினரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். மீட்புக்குக் கட்டணம் இல்லை. அலைவரிசை கிடைக்காத இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறுமுறை ஊதுங்கள். இரவென்றால் விளக்கொளியாலும் அதையே செய்யலாம். மூன்று ஊதல் பதிலாக வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அப்போதும் இடத்தைவிட்டு அசையாதீர்கள்; அவர்கள் கண்ணில் படும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.